கையில் என்ன கொடுப்பது? இசைக்காரர் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பென்சிலில் ஆள் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். வருகிற வேலையில் பாதிக்கு மேல் இறந்தவர்களின் படத்திறப்புக்கானது. காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வருவார்கள். நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது பாடுகிறவரோ, அடிக்கிறவரோ, பேண்டில் ஊதுகிறவரோ இருப்பதால் இசைக்காரர் படம் நிறைய வரும். வாடிக்கையாளர்களும் ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

பாடுகிறவர் படம் என்றால் கையில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் அப்படிக் கொடுப்பது நம் ஊரில் ரொம்பப் பழைய பழக்கம். கோயிலில் நால்வர் சிலையைப் பாருங்கள். முகத்தை வைத்து யார் எவர் என்று சொல்ல முடியாது. கையில் உழவாரம் இருந்தால் அப்பர். சின்னப் பிள்ளை உருவத்தில் பொற்றாளம் வைத்திருந்தாலோ, ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாலோ சம்பந்தர். சுவடி இருந்தால் மாணிக்கவாசகர். அறுபத்துமூவர் வரிசையில் யாழோடு நிற்பவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். கரும்போடு இருப்பவர் பட்டினத்தார் என்று திருவொற்றியூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நால்வருமே பாடியவர்கள்தான். ஆனால் சம்பந்தர் கையில் மட்டும்தான் தாளம். அப்பர் எத்தனையோ பதிகம் பாடியிருக்கிறார், ஊர் அவர் கையில் வைத்தது கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குகிற கருவியை. அவர் என்ன பாடினார் என்பதைவிட, பாடிவிட்டு என்ன வேலை செய்தார் என்பது அந்தச் சிற்பிக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. படத்தில் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பது அவரை எப்படி நினைவு வைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே சண்டை வருகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

தியாகராஜர் நிஜமாகவே நாம் படத்தில் பார்க்கிற மாதிரிதான் இருந்தாரா?

தெரியாது. ஐரோப்பாவில் புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல். அவர் காலமானது 1847-இல், திருவையாற்றில். அவரைக் கேமராவில் எடுத்த படம் எதுவும் கிடையாது. இன்று சபா மேடையிலும் காலண்டரிலும் நாம் பார்க்கிற கர்நாடக இசை மும்மூர்த்தி முகங்கள் பெரும்பாலும் எஸ். ராஜம் வரைந்த படத்தின் வழி வந்தவை. ராஜம் பாடகர், அதே சமயம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். பாடத் தெரிந்தவர் கையால் வந்த படம் என்பதால்தான் அது நின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

தியாகராஜர் கையில் தம்புராவும், தாளம் போடுகிற சப்ளாக்கட்டையும் இருக்கும். பலர் அதை வெறும் பக்திச் சின்னம் என்று நினைக்கிறார்கள். அது அவர் பிழைப்பு. உஞ்சவிருத்தி எடுத்து, தெருத்தெருவாகப் பாடி, கிடைத்த அரிசியில் வாழ்ந்தவர். அரசவை அழைத்தும் போகாதவர் என்ற கதையோடு சேர்த்துப் பார்த்தால், அந்தச் சப்ளாக்கட்டை ஒரு மறுப்புக் கடிதம் மாதிரி. முத்துசுவாமி தீட்சிதருக்கு வீணை. காசியில் கங்கையிலிருந்து அவருக்கு ஒரு வீணை கிடைத்தது என்று ஐதீகம்.

இவர்கள் எல்லாம் தஞ்சாவூர்க்காரர்கள், நமக்கென்ன என்று கேட்காதீர்கள். தீட்சிதர் இளம் வயதில் குடும்பத்தோடு தங்கியிருந்தது மணலியில். இன்று சுத்திகரிப்பு ஆலை நெருப்பு தெரிகிற அதே மணலிதான். அங்கிருந்த முதலியார் குடும்பம்தான் அவர்களை ஆதரித்தது. தியாகராஜரும் சீடர் வீணை குப்பையருக்காகத் திருவொற்றியூர் வந்து, திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடியிருக்கிறார்.

எந்தக் கருவி எதைக் குறிக்கும்? ஒரு பட்டியல் கொடுக்க முடியுமா?

பட்டியல் கொடுத்தால் அப்படியே காப்பி அடிப்பீர்கள், அதனால் சுருக்கமாக.

வீணை என்றால் சரஸ்வதி, சரஸ்வதி என்றால் படிப்பு. ராஜா ரவிவர்மா வரைந்த சரஸ்வதி அச்சில் வந்து வீட்டுக்கு வீடு மாட்டப்பட்ட பிறகு, வீணையோடு ஒரு பெண்ணை வரைந்தாலே பார்க்கிறவர்கள் பாதிக் கும்பிடு போட்டுவிடுகிறார்கள். தம்புரா தனியாகப் பாட்டு வாசிக்காது, பின்னால் நின்று சுருதி கொடுக்கும். அதனால் அதை மடியில் வைத்து வரைந்தால் அடக்கம், பக்தி என்று படிக்கப்படும். நாகஸ்வரம் மங்கலம். அதைப் படத்திறப்புப் படத்தில் வைக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். வாசித்தவர் படம்தானே, தாராளமாக வைக்கலாம். ஹார்மோனியம் நம் பக்கத்தில் இன்றைக்கு வாத்தியார் அடையாளம், மெட்டுப் போடுகிறவர் அடையாளம். வெள்ளை உடுப்பும் ஹார்மோனியமும் வரைந்து முகத்தைக் காலியாக விட்டால்கூட இளையராஜா என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். நான் வகுப்பில் சோதித்தே பார்த்திருக்கிறேன்.

வயலின் தனிக் கதை. அது ஐரோப்பாக் கருவி. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, மணலியில் இருந்தபோது முதலியார் ஏற்பாட்டில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார் என்று இசை வரலாற்றில் சொல்கிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு இசையைக் கேட்டுத்தான் தீட்சிதர் நோட்டுஸ்வரங்கள் என்கிற மேனாட்டு மெட்டுப் பாடல்களைச் செய்தார். அப்படிப் பார்த்தால் கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த வாசல் வடசென்னைதான். ஆனால் வயலின் வாசிக்கிறவரை நின்றபடி, தாடைக்கு அடியில் வைத்து வரைந்துகொண்டு வருகிறார்கள். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்கால் பக்கம் ஊன்றி வாசிப்பார்கள். அந்த ஒரு கோணம் மாறினால் ஆள் தஞ்சாவூரிலிருந்து வியன்னாவுக்குப் போய்விடுவார்.

வெள்ளைக்கார ஓவியர்களும் இப்படித்தான் செய்தார்களா?

செய்தார்கள், சில சமயம் நம்மைவிடக் குறும்பாக. ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ என்ற படம் லண்டனில் இருக்கிறது. இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே அலமாரியில் ஒரு லூட் கிடக்கும், அது நம் வீணைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு தந்திக் கருவி. உற்றுப் பார்த்தால் அதில் ஒரு தந்தி அறுந்திருக்கும். அந்தக் காலத்தில் சபைகளுக்குள்ளும் நாடுகளுக்குள்ளும் நடந்த பிளவைத்தான் அது சொல்கிறது என்று பலரும் விளக்குகிறார்கள்.

பாக் என்கிற பெரிய இசைமேதையை 1746-இல் ஹவுஸ்மன் வரைந்தபோது அவர் கையில் வாத்தியமே கொடுக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம். அதில் மூன்று வரி இசைக்குறிப்பு. தெரிந்தவர்கள் அதை ஆறு குரலாக விரித்துப் படிக்கலாம், விடுகதை மாதிரி. 1820-இல் ஷ்டீலர் வரைந்த பீத்தோவன் கையிலும் எழுதுகோலும் எழுதிக்கொண்டிருந்த படைப்பின் தாளும்தான். அவருக்குக் காது கேட்காமல் போன காலம் அது. வாசிக்கிறவர், எழுதுகிறவர் என்ற வித்தியாசத்தை அந்தக் காகிதம் ஒன்றே சொல்லிவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பகனினி என்ற வயலின்காரரின் இரண்டு படங்கள். 1819-இல் ரோமாபுரியில் ஆங்கர் வரைந்தது வெறும் பென்சில். வயலினையும் வில்லையும் பிடித்தபடி நிதானமாக நிற்கிறார், நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி. 1831-இல் டெலக்ருவா வரைந்ததில் அதே ஆள் இருட்டுக்குள் ஒல்லியாக நெளிந்து நிற்கிறார். முகமும் கையும் மட்டும் வெளிச்சம். மற்றதெல்லாம் புகை. ஊரில் அவர் பேயிடம் வித்தை கற்றவர் என்று வதந்தி உலவியது. ஒருவர் அவரை மனிதராகப் பார்த்து வரைந்தார், இன்னொருவர் வாசிப்பில் கேட்ட வதந்தியைச் சேர்த்து வரைந்தார். ஆங்கர் தாமே வயலின் வாசிப்பவர். சின்ன வயதில் வாத்தியக் குழுவில் வாசித்துச் சம்பாதித்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஒருவருடைய பொழுதுபோக்கை ‘ஆங்கரின் வயலின்’ என்று சொல்வது அதனால்தான். அந்தப் பென்சில் படத்தில் விரல்களைப் பாருங்கள், வாசிக்கத் தெரிந்தவன் வரைந்த விரல் என்று தெரியும்.

கண்ணை மூடிப் பாடுகிற மாதிரி வரையலாமா?

உயிரோடு இருப்பவர் என்றால் வரையலாம். மூடிய கண் லயித்துப்போன நிலைக்கு அடையாளம், எல்லோருக்கும் புரியும். படத்திறப்புப் படம் என்றால் வேண்டாம்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒரு பஜனைப் பாட்டுக்காரர் படம் வந்தது. அவர் பாடும்போது எடுத்த அருமையான புகைப்படம், கண் மூடி, கழுத்து நரம்பு தெரிய. அப்படியே வரைந்தேன். எடுத்துப் போன அன்று ராத்திரியே அவர் மனைவி திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். “தம்பி, ஐஸ் பெட்டியில பார்த்தது போதும்பா, கண்ணைத் தொறந்து குடு” என்றார். அழித்து வரைய முடியாது, புதிதாகவே போட்டேன். காசு வாங்கவில்லை.

சாவு மேளம் அடித்தவர் படத்தில் மேளம் வரலாமா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து கேட்பார்கள்.

வரலாம் என்பதுதான் என் பதில். பறை புறநானூற்றுக் காலத்திலிருந்து பெயர் சொல்லப்படுகிற கருவி. இன்று கல்லூரிகளில் வகுப்பு எடுத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள், போராட்ட மேடையில் முதலில் ஒலிப்பது அதுதான். டீ ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்கள். ஆனால் அதை அடித்து வயிறு வளர்த்தவர் வீட்டில் நிலைமை வேறு. ஐம்பது வருஷம் அந்த மேளத்தால் பட்ட அவமானம் அவர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வந்து ‘பெருமைப்படுங்கள்’ என்று நான் பாடம் எடுக்க முடியாது.

சில வருஷத்துக்கு முன் நடந்தது. ஒருவர் தன் அப்பா படம் வரையக் கொடுத்தார். ஒரு கல்யாணத்தில் எடுத்தது, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். “கார்ப்பரேஷன்ல” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் அவர் மகன், கல்லூரியில் படிக்கிற பையன், செல்போனில் வேறொரு படம் காட்டினான். அதே ஆள், தலையில் துண்டு, லுங்கி, இடது தோளில் பறை. பக்கத்தில் காகிதம் எரிகிறது, தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். “தாத்தாவ இப்படி வரைங்கண்ணா. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றான். பேசியதாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

கடைசியில் நான் ஒரு வேலை செய்தேன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, தோளில் பறை. அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் அப்படிச் சட்டை போட்டு அடித்திருக்க மாட்டார். தப்புதான், இரண்டு பேருக்கும் பிடிக்காது என்றே நினைத்தேன்.

முதலில் படம் கொடுத்தவர், அந்தப் பையனுடைய அப்பா, வந்தார். படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் திட்டுக்குத் தயாராகிவிட்டேன். அப்புறம் இடது கையைச் சுட்டிக் காட்டி, “ஒல்லிக் குச்சியை இவ்ளோ இறுக்கிப் புடிக்க மாட்டாருங்க. ரெண்டு விரல்ல சும்மா தொங்கும். அடிகுச்சி மட்டும்தான் இறுக்கம்” என்றார். என் மேஜையில் இருந்த இரண்டு பென்சிலை எடுத்துப் பிடித்துக் காட்டினார். எதிரே உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தே திருத்தி வரைந்தேன். மேளத்தை எடுக்கச் சொல்லவே இல்லை.

கோட் போட்டு வரையச் சொல்கிறார்கள். அவர் கோட்டே போட்டதில்லை. வரையலாமா?

மேலே சொன்னதோடு சம்பந்தப்பட்டதுதான் இது. இசைக்காரர் படத்தில் கருவிக்கு அடுத்தபடி பேசுவது உடுப்பு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, 1898 முதல் 1956 வரை வாழ்ந்த நாகஸ்வரச் சக்கரவர்த்தி, குடுமியை எடுத்து கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார். நாகஸ்வரக்காரர்கள் நின்றபடி, சட்டையில்லாமல், ஊர்வலத்தில் நடந்தபடி வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், மற்ற வித்துவான்களைப் போல் மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றவர். அவருடைய பழைய படங்களைப் பார்த்தால் அந்தக் கோட் ஏன் என்று புரியும்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல் கச்சேரி செய்தபோது கானா பாடகர்களும் பறை, சட்டி அடிக்கிறவர்களும் கோட் சூட்டில் மேடை ஏறினார்கள். அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோட்டுக்கு விளக்கம் தேவையில்லை. நம் தெருக்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் போடுகிற சரிகை வைத்த சிவப்புக் கோட் இன்னொரு வகை. அது வாடகைக் கோட். அதைப் போட்டபடி வரையச் சொன்னவர்கள் இதுவரை ஒருவரும் இல்லை.

அதனால் கோட் கேட்டால் வரைந்துவிடுவேன். ஒரே நிபந்தனை, தோள் அளவு ஆளுடையதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் வேறொருவர் உடம்பில் தலையை ஒட்டிக் கொண்டுவந்தால் கழுத்து சொல்லிக் கொடுத்துவிடும்.

கானா பாடகருக்கு என்ன அடையாளம் வைப்பது?

இதில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். மைக் ஒன்றைக் கையில் கொடுத்து, கூலிங் கிளாஸ் மாட்டி, பின்னால் தீப்பிழம்பு வரைந்து முடித்துவிடுகிறார்கள். பிளெக்ஸ் போர்டு பார்த்துக் கற்ற பழக்கம்.

கானா என்பது பாதி சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, போனவர் பெயரையும் அவர் செய்த நல்லது கெட்டதையும் கோத்துப் பாடுவார்கள். டோலக் இருக்கும், இல்லாவிட்டால் தீப்பெட்டி, டேபிள், பிளாஸ்டிக் குடம், எது கிடைத்தாலும் தாளம் வந்துவிடும். மைக்கும் மேடையும் சினிமாவும் பிற்பாடு வந்தவை. அதனால் நான் பார்ப்பது அவர் உட்காருகிற விதத்தை. ஒரு கால் மடக்கி, ஒரு கை காதோரம், இன்னொரு கை எதிரில் இருப்பவரைப் பார்த்து ‘கேளு’ என்கிற மாதிரி நீண்டிருக்கும். அந்த நீட்டிய கை வந்துவிட்டால் மைக் தேவையில்லை.

பாப் மார்லி மாதிரி வரைந்து தர முடியுமா?

மாதம் ஒருவராவது கேட்கிறார். முடியும். ஆனால் அந்தச் சடைமுடியும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறமும் வெறும் ஸ்டைல் என்று நினைத்துக் கேட்காதீர்கள். அது ரஸ்தஃபாரி என்ற அவர் சமய நம்பிக்கையின் அடையாளம், நிறங்கள் எத்தியோப்பியக் கொடியிலிருந்து வந்தவை. புகையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது அவருக்கு மரியாதை இல்லை.

பெண் கலைஞர்களை வரையும்போது என்ன வித்தியாசம்?

நகைதான் பெரிய பொறி. எம்.எஸ். சுப்புலட்சுமி என்றால் இரண்டு பக்க மூக்குத்தி, மல்லிகைப்பூ, குங்குமம், தம்புரா என்று ஒரு அச்சு விழுந்துவிட்டது. வேறு யாரை வரைந்தாலும் அதே அச்சில் ஊற்றுகிறார்கள். ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) படத்தைத் தேடிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நடந்த வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்துவான்களே போய் உட்காருவார்களாம். அந்த முகத்தில் யாரையும் கவர வேண்டிய அவசியமே இல்லாத ஒரு அலட்சியம் இருக்கும். அதை வரையக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒப்பாரி பாடும் ஆயாக்கள் படம் இதுவரை நான்குதான் வரைந்திருக்கிறேன். அவர்களைப் பாடகி என்று வீட்டிலேயே நினைப்பதில்லை. கையில் கருவி எதுவும் கிடையாது, பக்கத்தில் இருப்பவர் தோள்தான் பிடிமானம். ஒருவரை மட்டும் தனியாக வரைந்தால் அந்தப் பாட்டு படத்தில் வராது. அதனால் ஓரத்தில் இன்னொரு பெண்ணின் தோளையும் பாதிக் கையையும் சேர்த்துவிடுவேன்.

இசை தெரியாதவர் வரைந்தால் என்ன தப்பு வரும்?

நிறைய. முதல் எதிரி செல்பி. பல போன்களில் செல்பி கண்ணாடி மாதிரி இடவலம் மாறிப் பதிவாகும். வலது கைக்காரர் இடது கைக்காரராகிவிடுவார். சட்டை பட்டன் பக்கத்தைப் பார்த்துச் சரி பாருங்கள். ஒரு மிருதங்க வாத்தியார் படத்தை நான் இப்படி மாற்றி வரைந்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல், படத்திறப்பு அன்று கூட்டத்தில் இருந்த அவருடைய சிஷ்யர் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்றும் நினைத்தால் காது சுடும்.

மிருதங்கத்தில் கறுப்பு வட்டம் வலந்தலை என்கிற வலது முகத்தில் மட்டும். தொப்பி என்கிற இடது பக்கம் ரவையைக் குழைத்து அப்புவார்கள், அது வெளிர் நிறமாக இருக்கும். இரண்டு பக்கமும் கறுப்பு வைத்தால் வாசிக்கிறவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். வீணைக்கு மேலே நான்கு தந்தி, பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று, மொத்தம் ஏழு. விரல் வைக்கிற மெட்டுக் கட்டை இருபத்து நான்கு. தம்புராவுக்கு நான்கு தந்தி, மெட்டு கிடையாது. மெட்டு போட்ட தம்புராவை எத்தனை சரஸ்வதி பூஜை பேனரில் பார்த்துவிட்டேன்! நாகஸ்வரத்தின் வாய்ப் பக்கம், ஊதுவதற்கு மாட்டுகிற சின்னச் சின்ன சீவாளிகள் கொத்தாகத் தொங்கும். அதை அலங்காரக் குஞ்சம் என்று நினைத்துப் பூ வரைந்துவிடுகிறார்கள். அவை மாற்று சீவாளிகள், நடுவில் ஒன்று மக்கர் செய்தால் மாட்டிக்கொள்ள. ஹார்மோனியத்தில் ஒரு கை துருத்தியில், ஒரு கை கட்டையில். இரண்டு கையும் கட்டையில் இருந்தால் காற்று எங்கிருந்து வரும்?

ஏஐ-யில் செய்த படத்தைப் பார்த்து வரைந்து தருவீர்களா?

முகத்துக்கு வேண்டுமானால் பார்க்கிறேன். கைக்கும் கருவிக்கும் மாட்டேன். போன மாதம் வந்த படத்தில் டோலக்குக்கு நடுவிலிருந்து ஒரு நாகஸ்வரம் முளைத்திருந்தது.

பென்சிலா, கரியா, கலரா?

படத்திறப்புக்குப் பென்சில் நன்றாக நிற்கும். மேடைப் படம், இருட்டுப் பின்னணி வேண்டுமென்றால் கரி. கலர் நான் செய்வதில்லை. காகிதம் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள், கண்ணாடியும் சட்டமும் அதே பக்கம் கிடைக்கும். கண்ணாடி போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர்க் கடல்காற்று ஈரத்துக்கு ஒட்டிக்கொள்ளும்.

வரையக் கொடுக்கும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று. ஆதார் கார்டு படம் வேண்டாம், யாரும் அதில் அவர்களாக இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தது எதுவாயிருந்தாலும், மங்கலாக இருந்தாலும் சரி, கல்யாண வீடியோவில் ஓரமாக வந்திருந்தாலும் சரி. கருவி வீட்டில் இருந்தால் அதையே எடுத்து வாருங்கள். தேய்ந்த இடம், ஒட்டுப்போட்ட இடம், கயிறு மாற்றிய இடம் எல்லாம் வரைய வேண்டியவை. கூடவே அவரோடு சேர்ந்து வாசித்தவர் யாராவது ஒருவர் வந்தால் ரொம்ப நல்லது. சொந்தக்காரர்கள் முகத்தைத் திருத்துவார்கள், அவர்தான் விரலைத் திருத்துவார்.

காரியத்துக்குப் பத்து நாளாவது முன்னால் கொடுங்கள். பதினாலாம் நாள் வந்து பதினாறாம் நாளுக்குக் கேட்டால் முகம் மட்டும்தான் கிடைக்கும், கை கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை வராதீர்கள், பிள்ளைகள் வகுப்பு. மாடிப்படி இருட்டு, சுவிட்ச் இடது பக்கம்.